லைப்ரரி இருக்கிறது, வேகம் இல்லை: சிபியூவில் மெஷின் லேர்னிங் நிரல் மெதுவாக ஓடினால் எங்கே பார்ப்பது

நம்பை, சைக்கிட்-லேர்ன், பைடார்ச் எதுவானாலும் கனமான கணக்குகளைப் பைத்தான் செய்வதில்லை. அடியில் ஓபன்பிளாஸ், எம்கேஎல், ஒன்டிஎன்என், ஒன்டால் போன்ற லைப்ரரிகள் உட்கார்ந்திருக்கின்றன. ஒரே அடியில் பல எண்களைக் கையாளும் பிராசசரின் வெக்டர் கட்டளைகளுக்கென்றே எழுதப்பட்டவை அவை. நிரல் மெதுவாக ஓடினால் புதிதாக எதையாவது நிறுவத்தான் கை போகும். ஆனால் பல சமயம் வேகமான லைப்ரரி ஏற்கெனவே கணினியில் இருக்கும். உங்கள் நிரல்தான் அதைத் தொடாமல் வேறு வழியாகப் போய்க்கொண்டிருக்கும். அதனால் கீழே எந்த அறிகுறிக்குப் போனாலும் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: உண்மையில் ஓடியது எது?

இங்கே பேசுவது லினக்ஸும் எக்ஸ்86 பிராசசரும். ஜிபியூ பக்கம் போகவில்லை. கட்டளைகளை ஒலிப்படி எழுதியிருக்கிறோம். தட்டும்போது ஆங்கில எழுத்தில், சூழல் மாறிகளை மட்டும் முழுக்கப் பெரிய எழுத்தில் அடியுங்கள்.

எதையும் தொடுவதற்கு முன் ஓர் அளவுகோல்

4096-க்கு 4096 அளவில் ஃப்ளோட்32 அணிகள் இரண்டை உருவாக்கி, நம்பையில் பெருக்கி, நேரத்தைப் பாருங்கள். முதல் ஓட்டத்தைத் தள்ளிவிட்டு, அடுத்த ஐந்தில் மிகக் குறைந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். N-க்கு N அளவு அணிகளைப் பெருக்க 2 × N³ கணக்குகள். 4096-க்கு ஏறத்தாழ 13,744 கோடி. ஏவிஎக்ஸ்2 என்ற வெக்டர் கட்டளைத் தொகுதியும், பெருக்கலையும் கூட்டலையும் ஒன்றாகச் செய்யும் எஃப்எம்ஏ அலகுகள் இரண்டும் உள்ள கோர் ஒன்று ஒரு சுழற்சியில் 32 ஃப்ளோட்32 கணக்குகளைச் செய்யும். 3 கிகாஹெர்ட்ஸில் அது வினாடிக்கு 9,600 கோடி. நான்கு கோர் இருந்தால் ஏட்டுக் கணக்கில் 0.36 வினாடி.

உங்கள் எண் 0.4 முதல் 0.6-க்குள் இருந்தால் அடித்தளம் சரியாக உள்ளது. பிரச்சினை உங்கள் நிரலில். ஒன்றரை வினாடியை ஒட்டி வந்தால் ஒரு கோர் மட்டுமே வேலை செய்கிறது. அரை நிமிடத்தைத் தாண்டினால் வேகமான பிளாஸ் (அணிக் கணக்குகளுக்கான அடிப்படை லைப்ரரி; ஓபன்பிளாஸ், எம்கேஎல் இரண்டும் அதன் வேகமான வடிவங்கள்) ஓடவே இல்லை. உங்கள் கோர் எண்ணிக்கைக்கும் கடிகார வேகத்துக்கும் ஏற்ப இந்தக் கணக்கை ஒருமுறை போட்டு வைத்துக்கொள்ளுங்கள். இந்த எண் இல்லாமல் "வேகம் போதவில்லை" என்று சொல்வதற்குப் பொருளில்லை.

அறிகுறி: அளவுகோல் பெருக்கலே அரை நிமிடம் இழுக்கிறது

"பைத்தான் -எம் த்ரெட்பூல்சிடிஎல் -ஐ நம்பை" என்று ஓட்டுங்கள். நம்பையோடு ஏற்றப்பட்ட கணக்கு லைப்ரரிகள், அவற்றின் பதிப்பு, த்ரெட் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் வேலைக்கூறு) எண்ணிக்கை, எந்தப் பிராசசர் வகைக்கான குறியீட்டைத் தேர்ந்தெடுத்தது என்ற விவரம் எல்லாம் வரும்.

பட்டியல் காலியாக வந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டது. உபுண்டுவில் ஏபிடி வழியாக நம்பையை நிறுவியவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். அந்தத் தொகுப்புக்கு "லிப்பிளாஸ்3" போதும். அது மாதிரிக்காக எழுதப்பட்ட பிளாஸ். விடை சரியாக வரும், ஆனால் ஒரே கோரில், வெக்டர் நுணுக்கம் எதுவும் இல்லாமல். "லிப்ஓபன்பிளாஸ்0" தொகுப்பை நிறுவினால் பெரும்பாலும் தானாகவே மாறிவிடும். மாறாவிட்டால் "அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ் --கான்ஃபிக்" கட்டளையில் லிப்பிளாஸ்.எஸ்ஓ.3-எக்ஸ்86_64-லினக்ஸ்-க்னு என்ற பெயரைக் கொடுத்து ஓபன்பிளாஸைத் தேர்ந்தெடுங்கள். நம்பையைத் திரும்ப நிறுவ வேண்டாம்.

பிப் வழியாக வரும் ஆயத்தத் தொகுப்புக்குள் ஓபன்பிளாஸ் இருக்கும். ஆனால் உங்கள் மேடைக்கு ஆயத்தத் தொகுப்பு கிடைக்காமல் பிப் மூலக் குறியீட்டிலிருந்து கட்ட ஆரம்பித்தால் ஜாக்கிரதை: பிளாஸ் கண்ணில் படாவிட்டால் நம்பை தன்னோடு வரும் எளிய லேபேக்-லைட்டை வைத்தே கட்டிமுடித்துவிடும். பிழைச் செய்தி ஒன்றும் வராது. நிறுவும்போது நிமிடக்கணக்கில் கம்பைலர் ஓடியதா என்று கவனித்தாலே போதும். காண்டாவில் டீஃபால்ட்ஸ் சேனல் எக்ஸ்86-இல் எம்கேஎல்லையும், காண்டா-ஃபோர்ஜ் ஓபன்பிளாஸையும் தரும். காண்டா-ஃபோர்ஜிலேயே எம்கேஎல் வேண்டுமானால் "லிப்பிளாஸ்=*=*எம்கேஎல்" என்று கேட்கலாம்.

பட்டியலில் ஓபன்பிளாஸ் இருந்தும் மெதுவாக ஓடுகிறது என்றால் ஆர்கிடெக்சர் வரியைப் பாருங்கள். ஹாஸ்வெல், ஸ்கைலேக்எக்ஸ், ஜென் என்று இருந்தால் நல்லது. புதிய பிராசசரில் நெஹாலம் அல்லது பிரெஸ்காட் என்று வந்தால் ஓபன்பிளாஸ் கண்ணுக்கு ஏவிஎக்ஸ் தெரியவில்லை என்று பொருள். அநேகமாக நீங்கள் ஒரு விர்ச்சுவல் மெஷினுக்குள் இருக்கிறீர்கள். விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் க்யூஈஎம்யூவின் இயல்பான சிபியூ வகை ஏவிஎக்ஸை வெளியே காட்டாது. விர்ச்சுவல் மெஷினின் சிபியூ வகையை "ஹோஸ்ட்" என்று மாற்றி முழுவதுமாக நிறுத்தித் தொடங்குங்கள். உள்ளேயிருந்து வெறுமனே ரீபூட் செய்தால் மாற்றம் பிடிக்காது.

இதே காரணம் இன்னொரு முகத்தோடும் வரும். டென்சர்ஃப்ளோவை இம்போர்ட் செய்தவுடன் "இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்" என்று நிரல் செத்துப்போகும். 2018-இல் வந்த 1.6 பதிப்பு முதல் டென்சர்ஃப்ளோவின் ஆயத்தத் தொகுப்புகளுக்கு ஏவிஎக்ஸ் கட்டாயம். மருந்தும் அதே சிபியூ வகை மாற்றம்தான்.

ஆப்பிள் எம் வரிசைக் கணினி வைத்திருப்பவர்கள் "பிளாட்ஃபார்ம்.மெஷின்" என்ன சொல்கிறது என்று மட்டும் பாருங்கள். எக்ஸ்86_64 என்று வந்தால் பழைய பைத்தான் ரொசெட்டா மொழிபெயர்ப்பில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆர்ம்64 பைத்தானை நிறுவுங்கள்.

அறிகுறி: அளவுகோல் சரி, என் நிரல் மட்டும் மெதுவாக ஓடுகிறது

இங்கே பத்துக்கு ஏழெட்டுத் தடவை தரவின் வகைதான் காரணம். பிளாஸ் நான்கு வகைகளை மட்டுமே அறியும்: ஃப்ளோட்32, ஃப்ளோட்64, அவற்றின் கலப்பெண் வடிவங்கள். வேறு எதைக் கொடுத்தாலும் நம்பை தன் சொந்தச் சாதாரண லூப்பில் பெருக்கும். முழு எண் அணிகளைப் பெருக்கிப் பாருங்கள். மேலே அரை வினாடியில் முடிந்த அளவு இங்கே நிமிடக்கணக்கில் போகும். வகைகளை 0, 1 எண்களாக எழுதிய ஒன்-ஹாட் அணியை இன்ட்64-ஆக வைத்துப் பெருக்குவது பலரும் விழும் குழி. பாண்டாஸிலிருந்து வந்த அணியின் வகை "ஆப்ஜெக்ட்" என்று இருந்தால் அதைவிட மோசம். ஒவ்வோர் உறுப்புக்கும் பைத்தான் தனியாக ஓடும்.

மெமரியை மிச்சப்படுத்த ஃப்ளோட்16-க்கு மாற்றினேன், வேகம் குறைந்துவிட்டது என்று வருபவர்களுக்கும் இதுதான் பதில். நம்பையில் ஃப்ளோட்16-க்குப் பிளாஸ் பாதையே இல்லை. ஜிபியூ பழக்கத்தை இங்கே கொண்டுவர வேண்டாம்.

எல்லாமே ஃப்ளோட்64-இல் ஓடுகிறதா என்பதும் பார்க்க வேண்டியது. நம்பை, பாண்டாஸ் இரண்டும் கேட்காமலேயே 64-ஐத் தரும். ஃப்ளோட்32-க்கு இறங்கினால் மெமரி பாதியாகும். ஒரே வெக்டர் கட்டளையில் இரண்டு மடங்கு எண்கள் போகும். இறக்கிவிட்டேன் என்று நம்பியிருக்கும்போதே திரும்ப ஏறிவிடும் இடம் ஒன்று உண்டு. அணியை "என்பி.ஸ்க்ர்ட்(64)"-ஆல் வகுக்கிறீர்கள் என்று வையுங்கள். அது திருப்பித் தருவது நம்பையின் ஃப்ளோட்64 எண். நம்பை 1 வரிசையில் விடை ஃப்ளோட்32-ஆகவே நின்றது. 2024-இல் வந்த நம்பை 2-இல் வகை ஏற்ற விதி மாறிவிட்டதால் முழு அணியும் ஃப்ளோட்64 ஆகிவிடும். அதிலிருந்து கீழே வரும் எல்லாக் கணக்கும் இரட்டிப்பு நேரம் எடுக்கும். "மேத்.ஸ்க்ர்ட்" பயன்படுத்துங்கள், அல்லது எண்ணை "ஃப்ளோட்()" போட்டுச் சாதாரணப் பைத்தான் எண்ணாக்குங்கள். நம்பையை மேம்படுத்திய பிறகு காரணம் தெரியாமல் வேகம் குறைந்ததென்றால் முதலில் இதைத் தேடுங்கள்: ஒவ்வொரு படிக்குப் பின்னும் அணியின் டிடைப்பை, அதாவது தரவு வகையை, அச்சிட்டால் ஐந்து நிமிடத்தில் அகப்படும்.

அணிக் கணக்கைச் சுட்டெண்களால் எழுதும் "என்பி.ஐன்சம்" இன்னொன்று. மூன்று அணிகளை ஒரே வரியில் கொடுத்தால், கேட்காதவரை அது பிளாஸுக்குப் போகாது. எல்லாச் சுட்டெண்களையும் ஒரே பெரிய லூப்பாக ஓட்டும். "ஆப்டிமைஸ்=ட்ரூ" என்று சேர்த்தால் இரண்டிரண்டாகப் பிரித்து, முடிந்த இடத்தில் பிளாஸிடம் கொடுக்கும். ஒரு சொல் சேர்ப்பதற்குக் கிடைக்கும் பலனைப் பார்த்தால் இது ஏன் இயல்பாக இல்லை என்று தோன்றும்.

வகையும் சரி, ஐன்சமும் இல்லை என்றால் "பை-ஸ்பை டாப்" போட்டு எங்கே நேரம் போகிறது என்று பாருங்கள். பாண்டாஸ் அப்ளை, பைத்தான் ஃபார் லூப் என்று காட்டினால் எந்த லைப்ரரியும் உதவாது. அதை அணிக் கணக்காகத் திருப்பி எழுதுவதுதான் வழி.

அறிகுறி: எல்லா கோரும் 100%, ஆனால் ஒரு கோரில் ஓடியதைவிட மெதுவாக ஓடுகிறது

இந்த வழிமுறையில் அதிக நேரம் செலவிடத் தகுந்த அறிகுறி இதுதான். ஏனென்றால் கோர்களின் சுமையைக் காட்டும் ஹெச்டாப்பில் பார்க்கும்போது எல்லாம் பிரமாதமாக ஓடுவதுபோல் தெரியும்.

காரணம் த்ரெட் நெரிசல். 8 கோர் கணினியில் நீங்கள் 8 பிராசஸ் தொடங்குகிறீர்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் பிளாஸ் தன் பங்குக்கு 8 த்ரெட் திறக்கிறது. ஆக 64 த்ரெட், 8 கோர். ஓபன்எம்பி (வேலையை த்ரெட்களாகப் பிரிக்கும் அமைப்பு) திறந்த த்ரெட்கள் வேலை முடிந்ததும் உடனே தூங்காமல் கொஞ்ச நேரம் சுழன்றுகொண்டே காத்திருக்கும். அந்தச் சுழற்சியும் 100% என்றுதான் கணக்கில் வரும். "பெர்ஃப் டாப்" போட்டுப் பாருங்கள். பெயரில் "ஜெம்_கெர்னல்" என்பது மேலே இருந்தால் உண்மையான வேலை நடக்கிறது. "கோம்ப்_டீம்_பேரியர்_வெய்ட்" அல்லது "ஷெட்_யீல்ட்" மேலே இருந்தால் நீங்கள் மின்சாரத்தைச் செலவழித்துக் காத்திருக்கிறீர்கள்.

தீர்வின் விதி எளிது: ஒரே ஓர் அடுக்கில் மட்டும் இணையாக ஓட்டுங்கள். வெளியே பிராசஸ்களாகப் பிரித்தால் உள்ளே ஒரு த்ரெட். உள்ளே பிளாஸ் பிரிக்கட்டும் என்றால் வெளியே ஒரு பிராசஸ். பல சிறிய வேலைகள் என்றால் முதல் வழி, சில பெரிய அணிகள் என்றால் இரண்டாவது. கலந்து ஓட்டத்தான் வேண்டுமென்றால் இரண்டின் பெருக்கற்பலன் கோர் எண்ணிக்கையைத் தாண்டக் கூடாது.

கட்டுப்படுத்துவதற்கு ஓஎம்பி_நம்_த்ரெட்ஸ், எம்கேஎல்_நம்_த்ரெட்ஸ், ஓபன்பிளாஸ்_நம்_த்ரெட்ஸ் என மூன்று சூழல் மாறிகள். இவற்றை நம்பை இம்போர்ட் ஆவதற்கு முன்பே வைக்க வேண்டும். லைப்ரரி ஏறும்போது ஒரே ஒரு தடவை படிக்கும். ஜுப்பிட்டரில் மூன்றாவது செல்லில் வைத்துவிட்டு ஒன்றும் மாறவில்லை என்பவர்கள் கெர்னலை மறுதொடக்கம் செய்து முதல் செல்லில் வையுங்கள். ஓடும்போதே மாற்ற வேண்டுமானால் த்ரெட்பூல்சிடிஎல்லின் "த்ரெட்பூல்_லிமிட்ஸ்" உண்டு; பைடார்ச்சுக்கு "டார்ச்.செட்_நம்_த்ரெட்ஸ்".

சைக்கிட்-லேர்ன் இணையாக ஓடப் பயன்படுத்தும் ஜாப்லிப்பின் லோக்கி முறை உள் த்ரெட்களைத் தானே குறைத்துக்கொள்ளும். சாதாரண மல்டிபிராசசிங் பூல் குறைக்காது. அதனால் கிரிட்சர்ச் நன்றாக ஓடும், நீங்களே எழுதிய பூல் மட்டும் திணறும். எக்ஸ்ஜிபூஸ்டை கிரிட்சர்ச்சுக்குள் வைக்கும்போது அதன் என்_ஜாப்ஸை 1 என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பைத்தான் வெப் சர்வரான கனிகார்னில் 4 வொர்க்கர் வைத்து பைடார்ச் மாடலை ஏபிஐயாக ஓட்டுகிறவர்கள் 8 கோர் கணினியில் ஓஎம்பி_நம்_த்ரெட்ஸை 2 ஆக்குங்கள். தனியாகச் சோதித்தபோது வேகமாக இருந்த மாடல் நாலு பேர் சேர்ந்து கேட்டதும் படுத்துவிடுவது பெரும்பாலும் இதனால்தான். பைடார்ச் டேட்டாலோடர் தன் வொர்க்கர்களில் பைடார்ச் த்ரெட்டை 1 ஆக்கிவிடும். ஆனால் அங்கே படங்களைத் திறக்கும் ஓபன்சிவி அந்தக் கட்டுக்குள் வராது, "சிவி2.செட்நம்த்ரெட்ஸ்(0)" தனியாகப் போட வேண்டும்.

டாக்கரில் இன்னொரு வேஷம். 64 கோர் சர்வரில் கன்டெய்னருக்கு 4 சிபியூ என்று அளவு வைத்திருப்பீர்கள். உள்ளே "ஓஎஸ்.சிபியூ_கவுன்ட்" 64 என்றே சொல்லும், லைப்ரரிகளும் 64 த்ரெட் திறக்கும். கெர்னல் 100 மில்லிவினாடிக்கு ஒருமுறை கணக்குப் பார்த்து, அளவைத் தாண்டிய கன்டெய்னரை அடுத்த சுற்றுவரை நிறுத்திவைக்கும். விளைவு, சில கேள்விகளுக்கு உடனே பதில், சிலவற்றுக்குத் திடீர் இழுவை. கன்டெய்னருக்குள் சிக்ரூப் கோப்பு "சிபியூ.மேக்ஸ்"-ஐத் திறந்தால் "400000 100000" என்று இருக்கும், முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் 4. அதையே த்ரெட் எண்ணிக்கையாக வையுங்கள். பக்கத்திலுள்ள "சிபியூ.ஸ்டாட்" கோப்பில் "என்ஆர்_த்ராட்டில்டு" எண் ஏறிக்கொண்டே போனால் நோய் உறுதி.

ஒரே கோரில் இரண்டு த்ரெட் ஓட்டும் ஹைப்பர்த்ரெடிங் பற்றி ஒரு வரி: நன்கு எழுதப்பட்ட அணிப் பெருக்கல் எஃப்எம்ஏ அலகுகளை முழுதும் நிரப்பிவிடும். ஒரே கோரில் இரண்டாவது த்ரெட்டுக்கு அங்கே மிச்சம் எதுவும் கிடைக்காது. "எல்எஸ்சிபியூ" காட்டும் சாக்கெட் (பிராசசர் சிப்) எண்ணிக்கையைச் சாக்கெட்டுக்குரிய கோர் எண்ணிக்கையால் பெருக்கி அந்த அளவில் நிறுத்துங்கள். இன்டெல் 12-ஆம் தலைமுறையிலிருந்து வரும் பி-கோர் (வேகமானது), இ-கோர் (மின்சாரத்தை மிச்சப்படுத்துவது) கலவைப் பிராசசரில் வேலையைச் சமமாகப் பிரித்தால் பி-கோர்கள் முடித்துவிட்டு இ-கோருக்காகக் காத்துக்கிடக்கும். "எல்எஸ்சிபியூ -இ" காட்டும் அதிகபட்ச வேகத்தை வைத்து பி-கோர் எண்களைக் கண்டுபிடித்து, "டாஸ்க்செட் -சி" மூலம் நிரலை அவற்றில் மட்டும் ஓட்டிப் பாருங்கள்.

அறிகுறி: சைக்கிட்-லேர்ன் இன்டெலெக்ஸ் போட்டேன், ஒரு வித்தியாசமும் இல்லை

சைக்கிட்-லேர்னின் சில வகுப்புகளை ஒன்டால் லைப்ரரியில் ஓடும்படி மாற்றிப்போடுவதுதான் இந்த நீட்சியின் வேலை. "பேட்ச்_எஸ்கேலேர்ன்()" அழைப்பு, சைக்கிட்-லேர்ன் இம்போர்ட் வரிகளுக்கு மேலே இருக்க வேண்டும். கீழே இருந்தால் நீங்கள் ஏற்கெனவே கையில் எடுத்தது பழைய வகுப்பு. இம்போர்ட்களை அகரவரிசைப்படுத்தும் கருவிகள் இந்த வரிசையைச் சத்தமில்லாமல் கலைத்துவிடும். நிரலைத் தொடாமல் "பைத்தான் -எம் எஸ்கேலேர்னெக்ஸ்" என்று முன்னால் சேர்த்து ஓட்டுவது அதைவிடப் பாதுகாப்பு. பிடித்ததா என்று பார்க்க "எஸ்விசி.__மாட்யூல்__" அச்சிடுங்கள், எஸ்கேலேர்னெக்ஸ் என்று தொடங்க வேண்டும்.

பேட்ச் பிடித்தும் வேகம் இல்லையென்றால் எஸ்கேலேர்னெக்ஸ்_வெர்போஸ்=இன்ஃபோ என்று வைத்து ஓட்டுங்கள். ஒவ்வொரு அழைப்புக்கும் வேகமான வடிவம் ஓடியதா, அசல் சைக்கிட்-லேர்னுக்குத் திரும்பியதா என்று சொல்லும். ஆதரவில்லாத ஓர் அளவுரு இருந்தாலே திரும்பிவிடும். ரேண்டம்ஃபாரஸ்ட் வகைப்படுத்தியில் கிரைட்டீரியனை ஜினியிலிருந்து என்ட்ரபிக்கு மாற்றினாலோ, சிசிபி_ஆல்ஃபாவைப் பூஜ்யத்துக்கு மேல் வைத்தாலோ, வார்ம்_ஸ்டார்ட்டைத் திறந்தாலோ பழைய வழிதான். ஸ்பார்ஸ் அணி கொடுத்தாலும் அப்படியே. மாடலுக்கு அந்த அளவுரு உண்மையிலேயே தேவையா, யாரோ எழுதியதைப் படியெடுத்தபோது கூட வந்ததா என்று பாருங்கள். சில ஆயிரம் வரிசை மட்டுமே உள்ள தரவில் வித்தியாசம் தெரியாததும் இயல்பே.

மாடலைப் பிக்கிள் செய்து (பைத்தான் கோப்பாகச் சேமித்து) வேறு சர்வருக்கு அனுப்புகிறவர்கள் கவனிக்க: பேட்ச் செய்த வகுப்பின் பெயர் பிக்கிளுக்குள் போய்விடும். அந்த சர்வரிலும் இதே நீட்சி இல்லாவிட்டால் திறக்காது.

அறிகுறி: "ஓஎம்பி: எர்ரர் #15", அல்லது நிரல் அசையாமல் நின்றுவிடுகிறது

எர்ரர் 15 என்பது ஒரே பிராசஸுக்குள் ஓபன்எம்பி இயக்க லைப்ரரி இரண்டு தடவை ஏறிவிட்டது என்ற முறையீடு. விண்டோஸில் எம்கேஎல்லோடு வந்த காண்டா நம்பையும் பிப் வழியாக வந்த பைடார்ச்சும் சேரும்போது வழக்கமாக வரும். தேடினால் கேஎம்பி_டூப்ளிகேட்_லிப்_ஓகே=ட்ரூ என்று வைக்கச் சொல்வார்கள். செய்தி மறையும், நோய் மறையாது. பிறகு கிராஷ் ஆகலாம், சத்தமில்லாமல் தவறான விடையும் வரலாம் என்று அந்தப் பிழைச் செய்தியே எச்சரிக்கிறது. புதிய சூழல் ஒன்றை உருவாக்கி எல்லாவற்றையும் ஒரே வழியில், காண்டா என்றால் காண்டா, பிப் என்றால் பிப், என்று நிறுவுவதே தீர்வு. பத்து நிமிட வேலை.

பிழையே இல்லாமல் உறைந்து நின்றால் "பை-ஸ்பை டம்ப் --நேட்டிவ்" போடுங்கள். பிள்ளைப் பிராசஸ் ஓபன்எம்பிக்குள் காத்திருந்தால் ஃபோர்க், அதாவது ஓடும் பிராசஸை அப்படியே நகலெடுப்பதுதான், காரணம். தாய்ப் பிராசஸ் ஏற்கெனவே த்ரெட்களைத் திறந்துவிட்ட பின் ஃபோர்க் செய்தால், பிள்ளைக்கு அந்த த்ரெட்கள் வராது. அவை இருப்பதாகச் சொல்லும் பதிவேடு மட்டும் வரும். ஜிசிசியின் லிப்கோம்ப் இல்லாத த்ரெட்களுக்காக முடிவில்லாமல் காத்திருக்கும். தொடக்க முறையை "ஸ்பான்" அல்லது "ஃபோர்க்சர்வர்" என்று மாற்றுங்கள். பைத்தான் 3.14-இல் லினக்ஸின் இயல்பே ஃபோர்க்சர்வர் ஆகிவிட்டது. அதற்கு முந்தைய பதிப்புகளில் நீங்களே சொல்ல வேண்டும்.

அறிகுறி: பைடார்ச் சிபியூ இன்ஃபரன்ஸ் (பயிற்சி முடிந்த மாடலை ஓட்டுவது) எதிர்பார்த்ததைவிட மெதுவாக ஓடுகிறது

ஒன்டிஎன்என்_வெர்போஸ்=1 என்று வைத்து ஒரே ஒரு தடவை மாடலை ஓட்டுங்கள். பைடார்ச்சின் அடியில் ஒன்டிஎன்என் செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரி வரும்: என்ன வேலை, எந்தச் செயலாக்கம், என்ன அளவு, எத்தனை மில்லிவினாடி. செயலாக்கப் பெயரில் "ஜிட்:ஏவிஎக்ஸ்2", "பிஆர்ஜெம்:ஏவிஎக்ஸ்512_கோர்" என்றெல்லாம் இருந்தால் நல்ல வழியில் போகிறது. "ரெஃப்" என்று தொடங்கினால் அந்த அடுக்கு மாதிரிக்கான மெதுவான குறியீட்டில் ஓடுகிறது. அநேகமாக அரிதான தரவு வகையோ பரிமாணமோ காரணம். ஒரு வரியும் வராவிட்டால் ஒன்டிஎன்என் தொடப்படவே இல்லை.

"ரீஆர்டர்" வரிகளை எண்ணுங்கள். கன்வல்யூஷனுக்கு முன்னும் பின்னும் தரவை ஓர் அடுக்குமுறையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டே இருந்தால், கணக்குக்கு ஆகும் நேரத்தைவிடப் பொட்டலம் பிரித்துக் கட்டுவதற்கே அதிகம் போகும். மாடலையும் உள்ளீட்டையும் இரண்டையுமே "சேனல்ஸ்_லாஸ்ட்" மெமரி வடிவத்துக்கு மாற்றிவிட்டால் பட மாடல்களில் பெரும்பாலான ரீஆர்டர்கள் மறையும். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு விடுவது வழக்கமான தவறு.

16 பிட் எண் வகையான பிஃப்ளோட்16-க்கு மாற்றி மெதுவானால் பிராசசரில் அதற்கான கட்டளை இருக்கிறதா என்று பாருங்கள். "எல்எஸ்சிபியூ" கொடிகளில் ஏவிஎக்ஸ்512_பிஎஃப்16 அல்லது ஏஎம்எக்ஸ்_பிஎஃப்16 வேண்டும். முதலாவது 2020-இன் கூப்பர் லேக் ஜியானிலும் 2022-இன் ஜென் 4-இலும் வந்தது. இரண்டாவது 2023 ஜனவரியில் அறிமுகமான 4-ஆம் தலைமுறை ஜியானில் வந்தது. ஏஎம்எக்ஸ் (அணிப் பெருக்கலுக்கான கட்டளைத் தொகுதி) உள்ள கோர் ஒன்று ஒரு சுழற்சியில் 1,024 பிஃப்ளோட்16 கணக்குகளைச் செய்யும்; அதே கோரின் ஏவிஎக்ஸ்-512 ஃப்ளோட்32-இல் 64. மெமரியிலிருந்து தரவு வரும் வேகம் அந்த 16 மடங்கை விழுங்கிவிடும் என்றாலும், கிடைப்பது கணிசம். ஏஎம்எக்ஸ் இருந்தும் கொடி தெரியாவிட்டால் லினக்ஸ் கெர்னல் 5.16-க்குப் பழையதா என்று பாருங்கள். இந்தக் கொடிகள் எதுவும் இல்லாத சாதாரண லேப்டாப்பில் பிஃப்ளோட்16-ஐ விட்டுவிட்டு ஃப்ளோட்32-இலேயே இருங்கள்.

நேரம் அளக்கும்போது முதல் சில ஓட்டங்களைத் தள்ளுங்கள். ஒன்டிஎன்என் அப்போதுதான் உங்கள் அளவுகளுக்கேற்பக் குறியீட்டை உருவாக்குகிறது. உள்ளீட்டின் நீளம் ஒவ்வொரு தடவையும் மாறினால் அந்த உருவாக்கமும் திரும்பத் திரும்ப நடக்கும். நீளங்களை 64, 128, 256 என்று சில படிகளுக்கு நிரப்பிவிட்டால் அது நிற்கும். "இவால்()", "இன்ஃபரன்ஸ்_மோட்" இரண்டும் போட்டாயிற்றா என்றும் ஒரு பார்வை.

அறிகுறி: பயிற்சி போகப்போக மெதுவாகிறது

முதல் எப்பாக்கைவிட (தரவு முழுவதையும் ஒருமுறை கடக்கும் சுற்று) இருபதாவது நீளமாகிறது, தரவோ அதே அளவு. லேப்டாப் என்றால் முதலில் சூட்டைச் சந்தேகியுங்கள். கடிகார வேகம் இறங்குகிறதா என்று "டர்போஸ்டாட்" சொல்லிவிடும். சூடு இல்லையென்றால் டீநார்மல் எண்கள். எடைகளோ கிரேடியன்ட்களோ 10⁻³⁸-க்கும் கீழே சுருங்கும்போது பிராசசர் அவற்றைத் தனி வழியில், பல மடங்கு மெதுவாகக் கையாளும். "டார்ச்.செட்_ஃப்ளஷ்_டீநார்மல்(ட்ரூ)" என்ற ஒரு வரி அவற்றைப் பூஜ்யமாக்கிவிடும். அந்த அளவுக்குச் சிறுத்த எண்ணால் மாடலுக்குப் பெரும்பாலும் பயனில்லை.

அறிகுறி: இரண்டு சாக்கெட் சர்வரில் ஒரு சாக்கெட் வேகம்கூட வரவில்லை

த்ரெட் ஒரு சாக்கெட்டில், அதன் தரவு அடுத்த சாக்கெட்டின் மெமரியில். "நியூமாசிடிஎல் --சிபியூநோட்பைண்ட்=0 --மெம்பைண்ட்=0" என்று ஒரு பக்கத்துக்குள் கட்டி ஓட்டிப் பாருங்கள். வேகம் கூடினால், சாக்கெட்டுக்கு ஒன்றாக இரண்டு பிராசஸ் ஓட்டி வேலையைப் பிரிப்பதே நல்லது.

அறிகுறி: ஏஎம்டி கணினியில் எம்கேஎல் சுணங்குகிறது

எம்கேஎல்_டீபக்_சிபியூ_டைப்=5 என்ற பழைய வைத்தியத்தை இன்னும் படியெடுத்துக்கொண்டிருக்கிறார்கள். எம்கேஎல் 2020 அப்டேட் 1-இலேயே அது நீக்கப்பட்டுவிட்டது. இப்போது வைத்தால் ஒன்றும் நடக்காது. ஓபன்பிளாஸுக்கு மாறி, அளவுகோல் பெருக்கலை இரண்டிலும் ஓட்டி, வேகமானதை வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: டென்சர்ஃப்ளோ "ரீபில்ட்" செய்யச் சொல்கிறது

இது பிழையில்லை. கனமான கணக்குகளுக்கு வேகமான கட்டளைகள் ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளன; மற்ற சில்லறை வேலைகளுக்கும் வேண்டுமானால் மட்டுமே திரும்பக் கட்டச் சொல்கிறது. விட்டுவிடுங்கள்.

அறிகுறி: வேகம் வந்தது, விடை மாறிவிட்டது

எட்டாவது தசம இடத்தில் மாறினால் இயல்பு. மிதவைப்புள்ளி எண்களைக் கூட்டும் வரிசை மாறினால் முழுமையாக்கும் பிழையும் மாறும். வெக்டர் அகலமும் த்ரெட் எண்ணிக்கையும் அந்த வரிசையை மாற்றுகின்றன. டென்சர்ஃப்ளோ தொடங்கும்போது ஒன்டிஎன்என் பற்றி எழுதும் வரியும் இதையே சொல்கிறது. சோதனைகளில் "==" வைத்திருந்தால் "என்பி.ஆல்குளோஸ்"-க்கு மாற்றுங்கள், ஃப்ளோட்32-க்கு ஆர்டால் (ஏற்கத்தக்க விகித வேறுபாடு) 1இ-5-இல் தொடங்கலாம், நீண்ட கூட்டல்களுக்கு 1இ-4 வரை தளர்த்த வேண்டிவரும்.

துறை விதிகளுக்காக எல்லாக் கணினியிலும் ஒரே விடை கட்டாயம் என்றால் எம்கேஎல்லுக்கு எம்கேஎல்_சிபிடபிள்யூஆர் உண்டு. இன்டெல் பிராசசர்களில் ஏவிஎக்ஸ்2 என்று வைத்தால், ஏவிஎக்ஸ்-512 உள்ள கணினியும் ஏவிஎக்ஸ்2 வழியிலேயே ஓடும். த்ரெட் எண்ணிக்கையையும் எல்லாவற்றிலும் ஒன்றாக வையுங்கள். ஏஎம்டியும் கலந்திருந்தால் "கம்பேட்டிபிள்" என்று வைக்க வேண்டும், அதற்கு வேகத்தில் கொடுக்கும் விலை பெரிது. ஆனால் இரண்டாவது தசமத்திலேயே விடை மாறினால் அது முழுமையாக்கும் பிழை ஆகாது. பிஃப்ளோட்16 எங்காவது நுழைந்ததா என்று பாருங்கள். அதன் துல்லியம் இரண்டு மூன்று தசம இலக்கம்தான். ரேண்டம்ஃபாரஸ்ட் என்றால் ஒன்டாலின் தற்செயல் எண் வரிசை வேறு. அதே விதை எண்ணைக் கொடுத்தாலும் வேறு மரங்கள் வளரும். அங்கே ஒவ்வொரு கணிப்பையும் ஒப்பிட வேண்டாம், குறுக்குச் சரிபார்ப்பு மதிப்பெண்ணை ஒப்பிடுங்கள்.